கடல் ஏன் ஏறி வற்றுகிறது? கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர ஊர்ப் பள்ளிகளில் அறிவியலும் புவியியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

கடல்மட்டம் பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம் கழிகிறது. இன்று காலை 6 மணிக்கு நீர் உச்சத்தில் நின்றால் நாளைக் காலை ஏற்றம் 6.50-ஐ ஒட்டி வரும். சூரியன் மட்டுமே காரணமாக இருந்தால் இந்த 50 நிமிடத் தாமதத்துக்கு இடமே இல்லை. நிலவு நாள்தோறும் சூரியனிடமிருந்து சுமார் 12 பாகை கிழக்கே நகர்கிறது. நகர்ந்துவிட்ட நிலவுக்கு நேரே மறுபடி வந்து நிற்கப் பூமி 24 மணி நேரத்துக்கு மேல் இன்னும் 50 நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. பஞ்சாங்கத்தில் ஒரு திதி என்பதும் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே கூடும் இதே 12 பாகைதான். திதியைக் கேட்டுக் கடலின் போக்கைச் சொல்லும் கடற்கரை வழக்கத்துக்கு வானியல் அடிப்படை உண்டு. வகுப்பில் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அநியாயம்.

ஓதம் எனப்படும் இந்த ஏற்ற வற்றத்துக்கும் நிலவுக்கும் தொடர்பு உண்டு என்பது மிகப் பழைய அறிவு. அது எப்படி நிகழ்கிறது என்பதில்தான் பெரிய அறிஞர்களும் தடுமாறினார்கள். கெப்ளர் நிலவின் ஈர்ப்பைக் காரணமாகச் சொன்னார். கலிலியோ அதை ஏற்கவில்லை. பூமியின் இரு இயக்கங்கள் சேர்ந்து கடலை அலைக்கழிப்பதாக 1632-இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் வாதிட்டார். அந்த வாதப்படி நாளுக்கு ஓர் ஏற்றம்தான் வரவேண்டும். 1687-இல் நியூட்டன் தம் பிரின்சிபியாவில் ஈர்ப்பு விதியைக் கொண்டு ஓதத்துக்கு முதல்முறையாகச் சரியான காரணம் காட்டினார்.

நியூட்டன் காட்டிய காரணம் பாடப்புத்தகங்களிலும் கரும்பலகைகளிலும் பெரும்பாலும் பாதியாகவே வந்து சேர்கிறது. நிலவு கடல்நீரை இழுக்கிறது, ஆகவே நிலவை நோக்கிய பக்கம் நீர் புடைக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டால், எதிர்ப்பக்கத்திலும் ஏன் நீர் புடைக்கிறது என்று மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை கிடையாது. அது மிக நல்ல கேள்வி. விளக்கம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது நலம்.

நிலவின் ஈர்ப்பு கடலை மட்டும் இழுப்பதில்லை; பாறையும் மண்ணும் மையமுமாகப் பூமி முழுவதையும் இழுக்கிறது. அந்த இழுப்புக்கு ஆட்பட்டுப் பூமி ஓயாமல் நிலவை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டு வேகமும் இருப்பதால் மோதிவிடாமல் சுற்றிவருகிறது, அவ்வளவுதான். சேர்ந்து விழும் பொருள்கள் எல்லாம் ஒரே அளவில் இழுக்கப்பட்டால் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாது. ஆனால் ஈர்ப்பு தூரத்தைப் பொறுத்தது. பூமிக்கும் நிலவுக்கும் இடையே சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலவை நோக்கிய பக்கம் அந்த ஆரத்தின் அளவு நெருக்கத்தில் இருப்பதால் பூமியின் மையத்தைவிடச் சுமார் 3.4 சதவீதம் கூடுதலாக இழுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளி இருப்பதால் மையத்தைவிடச் சுமார் 3.2 சதவீதம் குறைவாக இழுக்கப்படுகிறது. முன்பக்க நீர் மையத்தை முந்துகிறது. பின்பக்க நீர் மையத்துக்குப் பிந்துகிறது. மையத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே வெளிநோக்கிய விலகலாகத்தான் தெரியும். பக்கவாட்டில் உள்ள நீருக்கோ இழுப்பின் திசை சற்றே உள்நோக்கிச் சாய்கிறது. அங்கே கடல் தாழ்கிறது. இரு புடைப்பு, இரு தாழ்வு, அவற்றின் கீழே பூமி சுழல்வது: நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வருவதன் அடிப்படை இதுவே.

எனவே ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பின் அளவு அன்று, ஈர்ப்பில் உள்ள வேறுபாடு. இந்த ஒரு வரி மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கும்.

எதிர்ப்பக்கப் புடைப்புக்கு மையவிலக்கு விசையைக் காரணம் காட்டும் பாடங்கள் பல உண்டு. பூமியும் நிலவும் ஒரு பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தொலைவில், பூமிக்கு உள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து தொலைவான பக்கத்தில் மையவிலக்கு விசை மிகுந்து நீரை வெளியே வீசுகிறது என்பது அந்த விளக்கம். இது சரியன்று. பூமி தன் அச்சில் சுழல்வதைத் தனியே வைத்துவிட்டு இந்தச் சுற்றை மட்டும் பார்த்தால், பூமியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஆரமுள்ள வட்டத்தில், ஒரே வேகத்தில் செல்கிறது. அந்தச் சுற்றுக்கு உரிய மையவிலக்கு விசை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவு, ஒரே திசை. எங்கும் சமமாக இருக்கும் விசை எந்தப் பக்கத்தையும் புடைக்கச் செய்யாது. அதைக் கணக்கில் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் மிஞ்சுவது ஈர்ப்பின் வேறுபாடு ஒன்றே. பூமியின் அன்றாடச் சுழற்சியால் எழும் மையவிலக்கு விசை வேறு. அது நடுக்கோட்டுப் பகுதியை நிரந்தரமாகச் சற்றே பருக்க வைத்திருக்கிறது. நேரத்துக்கு நேரம் மாறாததால் அதற்கு ஓதத்தில் பங்கில்லை. பாடத்திலிருந்து அந்த மையவிலக்கு வரியை எடுத்துவிடுவதால் எதுவும் குறையாது, ஒரு குழப்பம் தீரும்.

சூரியனின் பங்கும் இதே வழியில் தெளிவாகும். பூமியின் மீது சூரியனின் ஈர்ப்பு நிலவின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 178 மடங்கு. அப்படியிருந்தும் ஓதத்தில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு, சுமார் 46 சதவீதம். ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஈர்ப்பின் வேறுபாடோ தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சூரியன் நிலவைவிடச் சுமார் 390 மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் ஈர்ப்பு பூமியின் இரு பக்கங்களுக்கிடையே அதிகம் மாறுவதில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. அப்போது இரு ஓதங்களும் கூடி, ஏற்றம் மேலும் உயர்கிறது, வற்றம் மேலும் தாழ்கிறது. அஷ்டமியை ஒட்டிச் சூரியனும் நிலவும் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றின் ஓதம் மற்றதன் ஓதத்தைக் குறைக்கிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுருங்குகிறது. பல கரைகளில் இந்தப் பெரிய ஓதமும் சிறிய ஓதமும் அந்தத் திதிகளுக்கு ஓரிரு நாள் கழித்தே வரும். நிலவு பூமிக்கு அருகில், சுமார் 3,63,000 கிலோமீட்டரில் வரும் நாளும் அமாவாசையோ பௌர்ணமியோ ஆக அமைந்தால் ஏற்றம் இன்னும் சற்றுக் கூடும்.

ஓத விசை மிக மிகச் சிறியது. அதன் அளவு நம் எடையை உண்டாக்கும் புவியீர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. நிலவு தலைக்கு நேரே நிற்கும்போது அது கடலை மேலே தூக்குகிறது என்று வரையும் படம் இதனால்தான் தவறான எண்ணத்தைத் தருகிறது. இவ்வளவு சிறிய விசையால் நீரைச் செங்குத்தாகத் தூக்க முடியாது. கிடைமட்டமாக நகர்த்த முடியும். கிடைமட்டத்தில் அதற்கு எதிராக நிற்கப் புவியீர்ப்பு இல்லை. நிலவுக்கு நேர்கீழ்ப் புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவே, 45 பாகை தள்ளிய பகுதிகளில் இந்தக் கிடை இழுப்பு மிகுதியாக இருக்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் பரப்பிலுள்ள நீர் சிறிது சிறிதாக நகர்ந்து ஓரிடத்தில் சேர்வதே புடைப்பு. குளத்திலும் கிணற்றிலும் ஓதம் தெரியாமல் போவதற்குக் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது: ஒரு குளத்தின் இரு கரைகளுக்கு இடையே நிலவின் ஈர்ப்பு வேறுபடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் வேறுபடுகிறது, சேர்வதற்கு வேண்டிய பரப்பும் இல்லை. மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் நிலவு உடலிலும் ஓதம் எழுப்பும் என்ற பேச்சுக்கு இங்கேயே விடை இருக்கிறது. ஆறடிக்குள் ஈர்ப்பு வேறுபாடு என்று பொருட்படுத்த ஒன்றுமில்லை. பூமி அளவுக்குப் பெரிய பொருளானால் திடமாக இருந்தாலும் ஓதம் உண்டு. நம் காலடி நிலமே நாளுக்கு இருமுறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து ஏறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதுவரை சொன்னது விசையைப் பற்றி. கடல் அந்த விசைக்கு எப்படி ஆடுகிறது என்பது வேறு கணக்கு. கடலோர மாணவர்களுக்குப் பாடமும் கண்ணெதிரே காணும் கடலும் ஒட்டாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பூமி முழுவதும் ஆழமான கடலால் மூடப்பட்டு, நீர் விசைக்கு உடனுக்குடன் இணங்கி நின்றால், நிலவு எழுப்பும் ஓதத்தின் உயர வேறுபாடு அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சூரியன் அதில் கால் மீட்டர் கூட்டும். குஜராத்தின் பாவ்நகரில் பெரிய ஓத நாள்களில் இந்த வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டுகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை எழுகிறது. சென்னையில் சுமார் ஒரு மீட்டர். பாம்பன், தூத்துக்குடி, கொழும்பு ஆகிய இடங்களில் அதற்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒரே நிலவு.

நீர்ப்புடைப்பு என்பது உண்மையில் ஒரு மாபெரும் அலை. அலைமுகடுகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருப்பதால், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம் மட்டுமே. 4,000 மீட்டர் ஆழத்தில் அந்த அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் செல்லும். நிலவுக்கு நேர்கீழ்ப் புள்ளியோ நடுக்கோட்டில் மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. கடல் அதைத் தொடர்ந்து செல்ல வேண்டுமானால் 20 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். உலகில் எந்தக் கடலும் அவ்வளவு ஆழமில்லை. போதாததற்குக் குறுக்கே கண்டங்கள் நிற்கின்றன. ஆகவே நிலவைத் துரத்திக்கொண்டு உலகைச் சுற்றிவரும் இரட்டைப் புடைப்பு எந்தக் கடலிலும் கிடையாது. கரும்பலகைப் படம் விசையின் படமாகச் சரி. கடலின் படமாகக் கொண்டால் தவறு.

இதை முறையாகக் கணக்கிட்டவர் பிரான்சின் லாப்லாஸ். 1770-களில் அவர் எழுதிய சமன்பாடுகள் சுழலும் பூமியின் மீது, ஓத விசைக்கு உட்பட்டு, நீர் அலையாக எப்படி நகரும் என்பதைச் சொன்னவை. நிலவும் சூரியனும் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பத் தள்ளுகின்றன. ஒவ்வொரு கடலும் தன் வடிவத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ற வகையில் அதே கால இடைவெளியில் ஆடுகிறது. பூமியின் சுழற்சியால் நகரும் நீர் வட அரைக்கோளத்தில் வலப்புறமும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமும் விலக்கப்படுவதால், அலை நேரே போய்த் திரும்பாமல் சில புள்ளிகளைச் சுற்றிவருகிறது. அந்தப் புள்ளிகளில் கடல்மட்டம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அவற்றிலிருந்து விலக விலக ஓதம் உயர்கிறது. வடகடலில் அப்படி ஒரு புள்ளி இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் வில்லியம் ஹிவெல் 1836-இல் கருதினார். கப்பலில் சென்று அளந்தபோது 1840-இல் அது உறுதிப்பட்டது. நிலவு தலைக்கு நேரே நிற்கும் வேளையில் ஓர் ஊரில் வற்றமும், அடுத்த கரையில் ஏற்றமும் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. அலை அந்த ஊருக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதே நேரத்தை முடிவுசெய்கிறது.

கரையை நெருங்கும்போது அலையின் கதை இன்னும் மாறுகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் குறைகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 36 கிலோமீட்டர்தான் செல்லும். பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்குவதால் உயரம் கூடுகிறது. வாய் அகன்று உள்ளே குறுகும் வளைகுடாவில் பக்கங்களும் சேர்ந்து நெருக்குகின்றன. பாவ்நகர் அமைந்த காம்பே வளைகுடாவில் நடப்பது இது: வெளியே அகன்ற, ஆழம் குறைந்த கண்டத்திட்டு, உள்ளே போகப் போகக் குறுகும் கரைகள். வளைகுடாவுக்கென்று ஓர் இயல்பான ஆட்டக் காலமும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு தள்ளலே பெரிய வீச்சாக வளர்வதைப்போல, வளைகுடாவின் காலமும் ஓதத்தின் 12 மணி 25 நிமிடமும் நெருங்கிவந்தால் நீரின் வீச்சு பெருகும். ஃபண்டி விரிகுடாவும் அதையொட்டிய மேய்ன் வளைகுடாவும் சேர்ந்த நீர்ப்பரப்பின் இயல்பான காலம் சுமார் 13 மணி நேரம். அங்கு 16 மீட்டர் எழுவதற்கு முதன்மைக் காரணம் இந்த ஒத்ததிர்வே.

காம்பேயின் ஓதத்துக்கு எழுத்துச் சான்று ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் செலவு நூல், பரூச் துறைமுகத்துக்குள் நுழையும் ஆற்றுவாயில் நீர் திடீரெனச் சுவராக எழுந்து பாய்வதையும், வழி தெரியாத கப்பல்கள் தரைதட்டுவதையும், அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் படகில் எதிர்கொண்டு சென்று கப்பல்களை உள்ளே நடத்தி வந்ததையும் விரிவாகச் சொல்கிறது. இன்று அதே வளைகுடாவில் அலங்கில், உடைப்பதற்காக வரும் பழைய கப்பல்களைப் பெரிய ஓத நாளின் ஏற்றத்தில் முழு வேகத்தில் கரையேற்றுகிறார்கள். நீர் வற்றியதும் கப்பல் சேற்றுத் தரையில் நிற்கிறது. கிழக்குக் கரையில் ஒடிசாவின் சந்திப்பூரில் கடல் வெகுதூரம் உள்வாங்குவதற்குக் காரணம் வேறு. அங்கே கடலடி ஏறக்குறைய சமதளம். சில மீட்டர் மட்டம் தாழ்ந்தாலே நீர் ஐந்து கிலோமீட்டர் வரை பின்வாங்குகிறது. உயரமும் தூரமும் வேறு வேறு என்பதை மாணவருக்கு எடுத்துக்காட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை.

தமிழகக் கரையில் இப்படிப்பட்ட பெருக்கத்துக்கு வாய்ப்பில்லை. சோழமண்டலக் கரையில் கண்டத்திட்டு குறுகலானது; புனல்போல் குறுகும் வளைகுடாவும் இல்லை. ஓதம் சிறியதாக இருப்பதால் அது பயனற்றது என்று கருதிவிடக் கூடாது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு உவர்நீரைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்வது இந்த ஒரு மீட்டருக்குட்பட்ட அசைவுதான். ஆனால் ஓதம் சிறியதாக உள்ள கரையில் மற்ற காரணங்கள் எளிதில் மேலோங்கும். பாம்பன் கால்வாயில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பருவக்காற்று: வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கும், தென்மேற்குப் பருவத்தில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சென்னையில் சராசரிக் கடல்மட்டமே ஆண்டுக்குள் சில பத்து சென்டிமீட்டர் மாறுகிறது; ஆண்டின் கடைசி மாதங்களில் உயர்ந்தும் கோடைத் தொடக்கத்தில் தாழ்ந்தும் நிற்கிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும். புயல் கரையைக் கடக்கும்போது காற்று நீரைத் தள்ளிக் குவிப்பது இதைவிடப் பன்மடங்கு. அந்தக் குவிப்பும் ஓத ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் சேதம் பெரிது.

சுனாமியை ஓதத்தோடு சேர்ப்பது இன்னும் பலரிடம் உள்ள பிழை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாளாக இருந்ததால் இந்தக் குழப்பம் தமிழகக் கரையில் வலுப்பெறவும் இடம் உண்டு. அன்றைய பேரலையை எழுப்பியது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். நிலவுக்கு அதில் வேலை இல்லை. உயிர்களைப் பறிகொடுத்த ஊர்களில் பௌர்ணமிதோறும் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை என்பதை வகுப்பறையில் ஒருமுறையாவது சொல்வது நல்லது.

எல்லாக் கரைகளிலும் நாளுக்கு இரண்டு ஏற்றம் என்பதும் இல்லை. நிலவின் பாதை நடுக்கோட்டுக்குச் சாய்வாக இருப்பதால், நிலவு வடக்கிலோ தெற்கிலோ விலகி நிற்கும் நாள்களில் இரு புடைப்புகளும் ஒரே அகலாங்கில் அமைவதில்லை. ஆகவே ஒரே நாளின் இரு ஏற்றங்கள் உயரத்தில் வேறுபடும். இந்தச் சாய்வு 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. மிகுதியான ஆண்டுகளில் நிலவு 28.5 பாகை வரை விலகும். நாளுக்கு ஒருமுறை தள்ளும் பகுதிக்கே நன்றாக ஆடும் கடல்களும் உண்டு. வியட்நாமின் டோங்கின் வளைகுடாவில் பல நாள்கள் ஒரே ஏற்றம்தான். நியூட்டனே பிரின்சிபியாவில் இதற்கு விளக்கம் தேட முயன்றார்.

ஓதத்தின் விளைவு கடலோடு முடிவதில்லை. ஆழம் குறைந்த கடல்களில் ஓதம் தரையோடு உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றல் பூமியின் சுழற்சியிலிருந்து வருகிறது. அதனால் நாள் நூறாண்டுக்குச் சுமார் இரண்டு மில்லிவினாடி நீள்கிறது; நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இந்த விலகலை அளக்கிறார்கள். முற்காலத்தில் நாள் குறுகியதாக இருந்ததற்குச் சான்றும் உண்டு: பவளப் புதைபடிவங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிய ஜான் வெல்ஸ், டெவோனியன் எனும் தொல்புவிக் காலத்தில் ஓராண்டுக்குச் சுமார் 400 நாள்கள் இருந்ததை 1963-இல் காட்டினார்.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவிலும் ஓதத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடிகிறது. வானத்தில் தள்ளும் காலங்கள் துல்லியமாகத் தெரியும். கடல் அதே காலங்களில்தான் ஆடும். ஒரு துறைமுகத்தில் ஓராண்டாவது கடல்மட்டத்தை விடாமல் அளந்தால், ஒவ்வொரு காலத்துக்கும் அந்த இடம் எவ்வளவு உயரமாக, எவ்வளவு தாமதமாக ஆடுகிறது என்று பிரித்தெடுக்கலாம். பிறகு அவற்றை வருங்காலத்துக்குக் கூட்டிப் பார்த்தால் போதும். பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் இந்தக் கூட்டலைச் செய்யும் பொறியை 1870-களில் கெல்வின் உருவாக்கினார். இந்தியத் துறைமுகங்களுக்கென்று தனிப் பொறியும் அந்தப் பத்தாண்டிலேயே செய்யப்பட்டது. இன்று இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது.

அந்த அட்டவணையும் ஒரு பஞ்சாங்கமும் இருந்தால் வகுப்பிலேயே ஓர் ஆய்வு நடத்தலாம். நிலவு உச்சிக்கு வரும் நேரத்தை மாணவர்கள் ஒரு மாதம் குறித்துவைக்க வேண்டும். அமாவாசையில் அது நண்பகலை ஒட்டியும், பௌர்ணமியில் நள்ளிரவை ஒட்டியும், இடைப்பட்ட காலத்தில் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் வீதம் தள்ளியும் வரும். அதற்கு அடுத்த ஏற்றம் வரை கழியும் நேரத்தை ஒவ்வொரு நாளும் கணக்கிட்டால், தங்கள் ஊருக்கு அது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதையும், சூரியனின் குறுக்கீட்டால் திதிக்கேற்பச் சற்றே முன்பின் ஆவதையும் காண்பார்கள். பிறகு அதே கணக்கை மும்பைக்கோ கொல்கத்தாவை அடுத்த டயமண்ட் ஹார்பருக்கோ செய்தால் வேறோர் அளவு வரும். அந்த வேறுபாடு ஒவ்வொரு ஊருக்கும் ஓத அலை வந்து சேரும் வழியையும், அந்த வழியில் உள்ள கடலின் ஆழத்தையும் பொறுத்தது.

இப்படிக்கு,
அறிவியல் எழுத்தாளர் ஒருவர்